மஞ்சள் பட்ட சீலை

வெள்ளவத்தையில் காலி வீதியோடு இருக்கிற எங்கள் சீலைக்கடைக்கு வந்தால் எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாசலில் நிற்கிற பிள்ளை சிரிப்பாள், பில் போடுகிறவன் சிரிப்பான். மூலையில் ‘மாற்றும் இடம்’ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் மட்டும் ஒருவர் சிரிக்காமல் இருப்பார். அவர்தான் பாலேஸ்வரி அக்கா. அவருக்குப் பின்னால் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பிளவுஸ் தைக்கிறவள் நான், சாமினி. அந்த மேசையில் நடக்கிற கூத்து ஒன்றும் என் காதுக்குத் தப்பாது.

அக்கா யாழ்ப்பாணத்து மனுசி. புருசன் செத்த பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார். முதலாளி நாகேந்திரம் ஐயா அவரை அந்த மேசையில் இருத்தியதே அவருடைய மூக்குக்காகத்தான். பகிடி இல்லை. கலியாணத்துக்கு உடுத்துக் களைந்துவிட்டு, மடித்துக் கொண்டுவந்து “நிறம் பிடிக்கேல்ல” என்று நீட்டுகிற சீமாட்டிகள் எங்கள் சனத்தில் எவ்வளவு பேர் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா சீலையை விரித்து, தோளில் கிடக்கும் இடத்தை முகர்ந்து பார்ப்பார். “சென்ற் மணக்குது தங்கச்சி, மல்லிகைப்பூவும் மணக்குது” என்பார், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காத குரலில். வந்தவள் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். அதே அக்கா, உண்மையாகவே பழுதான சீலை வந்தால் பில் இல்லாவிட்டாலும் மாற்றிக் கொடுப்பார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எங்கட பிழை” என்றும் சொல்வார். ஐயா ஒரு கேள்வி கேட்டதில்லை.

பிறகு ஐயாவுக்கு உடம்பு ஏலாமல் போய், லண்டனில் படித்த மகன் கார்த்திகன் வந்து முதலாளிக் கதிரையில் இருந்தான். கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடையைப் பார்க்கிறதை விட்டுவிட்டு, கடையைப் பற்றிச் சனம் ஃபோனில் என்ன எழுதுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான். மூக்கை நம்பி வியாபாரம் செய்ய ஏலாது என்று சொல்லிச் சட்டம் அடித்து மேசையில் ஒட்டினான். மஞ்சள் பட்ட சீலை மாற்றப்படாது என்பதுதான் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மஞ்சள் பட்டால் உடுத்த சீலையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச்சீலை வாங்கினால் எங்கள் சனம் என்ன செய்யும்? மூலையில் மஞ்சள் தொட்டுச் சாமிக்கு முன்னால் வைக்கும். அதற்குப் பிறகுதான் விரிக்கும். திருப்பிக் கொடுக்கிற எண்ணத்தோடு வாங்குகிறவள் மஞ்சள் வைப்பாளா? அவளுக்கென்ன விசரா? அந்தச் சட்டத்தில் கள்ளி ஒருத்தியும் அகப்படமாட்டாள். அக்கா இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். “அன்ரி, ரூல் எண்டா எல்லாருக்கும் ஒரே ரூல்” என்றான் கார்த்திகன்.

போன ஆவணியில், கலியாணக் கூட்டம் நெரிகிற ஒரு நாள், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி வந்தாள். அவள் நீட்டிய சீலையில் பாயாசம் காய்ந்து கிடந்தது. கடையிலேயே இருந்த கறையாம். மஞ்சள் மட்டும்தான் இல்லை. அக்கா முகர்ந்துவிட்டு, “உடுத்த சீலை, பிள்ளை” என்றார். அவ்வளவுதான். “என்னைக் கள்ளி எண்டு சொல்லுறீங்களா? இப்பவே லைவ் போடுறன், உலகம் முழுக்கப் பார்க்கட்டும்!” என்று ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். மேல் மாடியில் இருந்து கார்த்திகன் ஓடி வந்தான். அவளுக்குக் குடிக்க நெக்டோ வந்தது, புதுச்சீலை வந்தது. “அன்ரி, சொறி சொல்லுங்கோ” என்றான். எத்தனை பேருக்கு முன்னால்! அக்கா மன்னிப்புக் கேட்டார். அவள் போன பிறகு, “இன்னொருக்கா உங்கட பாட்டில முடிவெடுத்தால் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை” என்றும் சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

அன்று பின்னேரமே ஆறாயி வந்தார். ஹெந்தளையில் ஒரு வீட்டில் சமைக்கிறவர், மலையகத் தேயிலைத் தோட்டப்பக்கத்து மனுசி. மகளின் கூறைச்சீலையைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மஞ்ச வச்சி சாமிகிட்ட வச்சேங்க. ரவிக்கைத் துணி வெட்டலாம்னு நேத்துதான் முழுசா விரிச்சோம். இப்புடி இருக்குங்கம்மா. வெள்ளிக்கிழம கல்யாணம்.”

தலைப்பில் சரிகை அறுந்து, உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. தறியிலேயே விழுந்த பழுது. கூட்ட நேரத்தில் எங்கள் ஆட்கள் சீலையை முழுதாக விரித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். அக்கா முகர்ந்தார். மஞ்சளும் கற்பூரமும்தான் மணந்திருக்கும். எழும்பி மேலே போய்க் கேட்டார். மேலே இருந்து, “மஞ்சள் பட்டிருக்கல்லோ, அன்ரி?” என்ற குரல் எனக்கே கேட்டது.

திரும்பி வந்து இருந்த அக்கா, மேசைக்கு மேலால் குனிந்தார்.

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சத்தம் போடுங்கோ. ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கத்துங்கோ. அப்பதான் மாத்திக் குடுப்பினம்.”

ஆறாயி அவரைப் பார்த்தார். பையிலிருந்து பழைய ஃபோனை எடுத்துத் தூக்கினார். மூச்சை இழுத்து, “ஏங்க... என்னாங்க இது...” என்றார். வாசலில் நின்ற செக்யூரிட்டி உடனே இரண்டு எட்டு உள்ளே வந்து முறைத்தான். காலையில் அந்தக் கண்ணாடிக்காரி கூரை அதிரக் கத்தியபோது இந்த வீரன் அசையவே இல்லை. ஆறாயியின் கை இறங்கிவிட்டது.

“நம்மனால முடியாதும்மா. நம்மளெல்லாம் கத்துனா திருடின்னுதான் நெனைப்பாங்க.”

நான் தடுப்பைத் தாண்டி வந்து சீலையை வாங்கி, சரிகை நூல் தேடி இழுத்துத் தைத்தேன். என்ன தைத்து என்ன? தழும்பு போலத் தெரிந்தது. ஆறாயி அதற்கும் கும்பிட்டார். போகிறபோது அக்காவின் கையைப் பிடித்து, “எனக்காக மேல போயிக் கேட்டீங்களே. கொட்டாஞ்சேனையிலதான் கல்யாணம். வந்துட்டுப் போங்கம்மா” என்றார்.

அக்கா போனார். சனிக்கிழமை வந்து, சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் என்னிடம் சொன்னார்.

“அந்தப் பிள்ளை தலைப்பைக் கைக்குள்ள பொத்திப் பிடிச்சபடியே இருந்தது, சாமினி. தாலி கட்டேக்கையும் விடேல்ல. ஃபோட்டோக்காரன் கையைக் கீழ விடச் சொல்ல, அது தாயைப் பார்த்துது. தாய் என்னைப் பார்த்தா.”

பிறகு அழுதார். அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். சட்டம் எழுதினவனுக்கு அது தெரியுமா? அவன் மேலே இருந்து, அந்தக் கண்ணாடிக்காரி கடைக்குப் போட்ட ஐந்து நட்சத்திரத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறார். சீலையை விரிப்பதும் இல்லை, முகர்வதும் இல்லை. வருகிறவளின் முகத்தைத்தான் பார்க்கிறார். சத்தம் போடக்கூடியவள் என்று கண்டால், அவள் வாய் திறக்க முன்னமே புதுச்சீலையை எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்களுக்கு ஒட்டியிருக்கிற சட்டத்தை விரலால் காட்டுகிறார். ஆளை அளப்பதில் ஒருநாளும் பிசகியது இல்லை.

கார்த்திகனுக்குச் சந்தோசம். போன கிழமை என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னான்: “அன்ரி இப்பதான் வேலை பழகியிருக்கிறா.”