கழுத்தில் மணியோடு ஒரு தாய்

அண்ணி முதன்முதலாக புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த ரோவில் புறநகர் வீட்டுக்குச் சாப்பிட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமலே இருந்தார். அப்போது அவர் எனக்கு அண்ணி ஆகவில்லை. அண்ணா வேலை செய்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தார். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பெண். இந்தக் கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்கவில்லை. அவர் மறுத்தால் வீட்டை விட்டுப் போய்விடுவதாக அண்ணா சொல்லியிருந்தார். எங்களில் எவருக்கும் அன்றைய இறால் கறியின் ருசி தெரிந்திருக்காது.

பேச்சை எப்படியாவது தொடங்குவதற்காக, எந்த ஊர் என்று அம்மா கேட்டார். எங்கள் சனம் எவரைக் கண்டாலும் முதலில் கேட்பது அதைத்தானே. அண்ணா மொழிபெயர்த்தார். ஜோர்ஜியா என்றார் அண்ணி. அதற்கு முந்திய ஊர் எதுவென்று தெரியாது என்றும், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பருத்தித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டவர்களின் வழிவந்தவள் தான் என்றும் சொன்னார். அப்போதுதான் அப்பா நிமிர்ந்தார்.

"அவ்வளவு சனம் இருந்தவை. அடியை வாங்கிக்கொண்டு ஏன் இருந்தவை? ஓடியிருக்கலாம்தானே?"

அண்ணா அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பா என்ன கேட்கிறார் என்று அண்ணி விடாமல் கேட்டதால், அண்ணா தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி அதை மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணி எழுந்து போய்விடுவார், அவரோடு அண்ணாவும் போய்விடுவார் என்று நான் பயந்தேன். அவர் எழவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துப் பேசத் தொடங்கினார். அண்ணா ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார்.

ஓடியவள் ஒருத்தி இருந்தாள். அண்ணியுடைய பாட்டியின் பாட்டியைப் பெற்றவள். கைக்குழந்தையை வயலோரத்து மரநிழலில் கிடத்திவிட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பருத்தி பறித்தவள். குழந்தை பசியில் கத்தும். கங்காணி விடும்வரை அவள் கிட்டப் போகமுடியாது; பால் சுரந்து சட்டை நனைந்து மார்போடு ஒட்டிக்கிடக்கும். மாலையில் பறித்த பருத்தி எடை குறைந்தால் சவுக்கு. ஒருநாள் அவள் வயலில் நின்ற நேரத்தில், அவளுடைய மூத்த மகனை முதலாளி விற்றுவிட்டான். வண்டி போன பாதையில் அவள் ஓடினாள். நாய்களை விட்டுப் பிடித்தார்கள். முதுகு கிழிய அடித்த பிறகு கழுத்தில் ஓர் இரும்பு வளையத்தைப் பூட்டினார்கள். வளையத்திலிருந்து தலைக்கு மேலே நீண்ட கம்பிகளில் மணிகள் தொங்கின. அசைந்தாலே சத்தம் கேட்கும், இனி ஓடமுடியாது. தலை சாய்த்துப் படுக்கவும் முடியாது. சுவரோரம் உட்கார்ந்தபடியே உறங்கினாள்.

அடுத்த வசனத்துக்கு அண்ணா என் பக்கம் திரும்பினார். அதை நான் சொல்லவேண்டி வந்தது.

"மணிச் சத்தம் கேட்டா, அம்மா வாறா எண்டு, நடக்கத் தொடங்கின அந்தச் சின்னமகள் வாசலுக்கு ஓடுவாவாம், அப்பா. சந்தோசமா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். விற்கப்பட்ட மகனை அவள் பிறகு கண்டாளா என்று கை கழுவாமலே அப்பா கேட்டார். காணவில்லை. விடுதலை கிடைத்த பின் சாகும்வரை தேடினாள். அண்ணியின் வீட்டார் இன்னும் பழைய பதிவுகளில் அவனைத் தேடுகிறார்கள்.

எங்கள் சித்தப்பா ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். நீங்கள் முன்னே போங்கள், நான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னவர் வரவேயில்லை. அதன்பிறகு அவருடைய பெயரை எங்கள் வீட்டில் எவரும் எடுப்பதில்லை, அப்பாவுக்குப் பொறுக்காது. ஓடியிருக்கலாம்தானே என்று அவர் அன்று கேட்டது அண்ணியை மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. அண்ணா, அண்ணி கல்யாணம் முடிந்து பல வருடங்களாகிவிட்டன. அந்த மகனும் கிடைக்கவில்லை, சித்தப்பாவும் கிடைக்கவில்லை.

அன்று அப்பா அண்ணாவின் உதவியைத் தேடவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேராக அண்ணியிடமே பேசினார்.

"மை பிரதர் ஆல்சோ. நோ நியூஸ்."

தம்பியின் பெயர் என்ன என்று அண்ணி கேட்டார். அப்பா சொன்னார். அண்ணிக்கு அது வாயில் வரவில்லை. பிழையாகச் சொன்னார். அப்பா திருத்தினார். மறுபடியும் பிழையாகவே வந்தது. சரியாக வரும்வரை அப்பா அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.