மேசைமேல் இரண்டு கிண்ணம்

தென்காசி பேருந்து நிலையம். குற்றாலத்தில் குளித்த தலை எனக்கு இன்னும் காயவில்லை. பக்கத்தில் கடையநல்லூர் பஸ்ஸுக்காக ஒரு முஸ்லிம் பெண்ணும் அவள் மகளும் காத்திருக்கிறார்கள். மகள் கதைப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்; ஆனால் காதால் கேட்டால் ஒரு சொல் தப்பாது.

ஹிட்லர் காலத்துக் கதை. யூதர்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொல்கிறார்கள். யூதப் பிள்ளை ஒருத்தியை அவள் சிநேகிதி மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். சிப்பாய் உள்ளே வந்துவிடுகிறான். மேசைமேல் இரண்டு கிண்ணம் கஞ்சி.

"இன்னொரு கிண்ணம் யாருக்கு?" என்கிறான்.

நான் பெஞ்சில் மகள் பக்கம் நகர்ந்து உட்காருகிறேன்.

"எங்க வீடுன்னா ரெண்டு பேரும் ஒரே சகன்ல தின்னுருப்பாளுவ, மாட்டிருக்க மாட்டாளுவ," என்கிறாள் தாய். சகன் என்றால் பெரிய தட்டு. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே உண்பார்களாம்.

"ஆச்சி, ஒங்க மதுர பஸ் கெளம்புதே!" என்கிறாள் மகள் என்னிடம்.

"போனாப் போகட்டும். நீ வாசிடி!"

சிநேகிதி ஒரு கிண்ணத்தைக் குடித்து முடிக்கிறாள். சிப்பாயைப் பார்த்தபடியே அடுத்ததையும் எடுத்துக் குடிக்கிறாள். "ரெண்டும் எனக்குத்தான். பசிக்கிறது." அவன் போய்விடுகிறான்.

நான் கைதட்டுகிறேன். எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

"சரிடி, ஒளிஞ்சிருக்கவளுக்குக் கஞ்சி?"

தாய் சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் சோற்றைக் கொட்டுகிறாள்.

"அவளுக்குப் பெறவு காய்ச்சிக் குடுப்பா. நீங்க மொதல்ல கைய வைங்க ஆச்சி. தட்டு ஒண்ணுதான்."