சிவப்புச் சீட்டு

அப்பா எந்தப் பொருளையும் இரண்டு முறை பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வரும் பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்து, ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, கழித்த காரணத்தை அதில் எழுத வேண்டும். காரணம் எழுதாத சீட்டு செல்லாது. தவறான காரணம் எழுதினால் எழுதியவன் மாட்டிக்கொள்வான். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சுட்ட தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "சீட்டு கட்டி ஓரமா வெச்சுடுங்க, நாய்க்குப் போட்டுடறேன்" என்பாள் அம்மா.

அவருடைய அண்ணன், என் பெரியப்பா, இதற்கு நேர் எதிர். எதையும் திரும்பிப் பார்க்காதவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கி, கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். தெருப் பிள்ளைகள் யார் கேட்டாலும் ஹாரனை அடிக்கவிடுவார்.

அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். ஒருநாள் காலை அவருக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. எதற்கென்று எனக்குத் தெரியாது. கடைசியாகப் பெரியம்மா கத்தியது மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்டது. "எங்கனா போய்த் தொலை. திரும்பி வூட்டுக்கு வராத." கார் கிளம்பிப் போனது. மதியத்துக்குள் யாரோ ஓடிவந்து, மணிமங்கலம் போகும் வழியில் ஏரிக்கரைத் திருப்பத்தில் கார் திரும்பாமல் நேரே தண்ணீரில் இறங்கிவிட்டது என்றார்கள். ஏரி நிரம்பியிருந்த மாதம் அது. பெரியப்பாவை அன்றே எடுத்தார்கள். காரை மறுநாள் கிரேன் வைத்து எடுத்தார்கள்.

தூங்கிவிட்டார் என்றார்கள் சிலர். குடித்திருந்தார் என்றார்கள் வேறு சிலர். இன்னும் சிலர் பெரியம்மா இருக்கிற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவராதான் உட்டுட்டாரு" என்றார்கள். அதை யாரும் அவளிடம் நேரில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் பெரியம்மா ஏரிக்கரைக்கு நடந்துபோவாள். அவளுடன் போவது என் வேலை. எனக்குப் பத்து வயது. "பெரிம்மா கூடவே இரு. கையை மட்டும் வுடாத" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவாள். நான் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்றுதான் அம்மா பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படியே போனது. ஒருநாள் பெரியம்மா திருப்பத்தில் நிற்காமல், கரைக் கற்களில் கால் வைத்துக் கீழே இறங்கினாள். கணுக்கால்வரை தண்ணீர் வந்தது. நிற்காமல் இன்னும் ஒரு படி இறங்கினாள். "பெரிம்மா, எனக்கு ஹோம்வொர்க் கீது, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பி, நான் யாரென்று தெரியாதவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு மேலே ஏறி வந்தாள். இதை அன்று சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னேன். புடவையெல்லாம் நனைந்துபோச்சு என்று சிரித்தேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். இரண்டு வீட்டுக்கும் பின்னால், தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். பிரேக்கைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் உட்கார்ந்துகொண்டேன். காலிப்பர் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வி அது. பிரேக்கை மிதித்தால் அதற்குள் இருக்கும் பிஸ்டன் என்ற உருளை முன்னால் நகர்ந்து கவ்வ வைக்கும். கழற்றி எடுத்த இரண்டும் இரும்பென்றே தெரியவில்லை. பொருக்குப் பொருக்காகத் துரு, இடுக்கில் காய்ந்த ஏரிச் சேறு.

இரண்டையும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். பிஸ்டன் தெறித்து விழாமல் இருக்க எதிரில் ஒரு மரக்கட்டையை வைத்து, பின்பக்க ஓட்டையில் காற்றடித்தார் அப்பா. இடதுபக்கத்துப் பிஸ்டன் முதல் காற்றுக்கே 'டப்'பென்று கட்டையில் வந்து மோதியது. விளிம்பில் மட்டும் கொஞ்சம் துரு. மற்றபடி பளபளவென்று இருந்தது. அப்பா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழுக்குத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார்.

வலதுபக்கத்துப் பிஸ்டன் அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஒரு வாரம் ஊறப்போட்டார். ஷிப்டு முடிந்து வந்ததும் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுவார். இரண்டாவது ஞாயிறு மறுபடியும் காற்றடித்தபோது, மூன்றாவது முயற்சியில், முனகிக்கொண்டு வெளியே வந்தது. அம்மை போட்ட முகம் மாதிரி உடம்பெல்லாம் குழி.

வீட்டுக்கு வந்து, கம்பி பிரஷ்ஷால் நான் காலிப்பர்களைத் தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் ஓடி, உள்ளே இருந்த இரும்பு தெரியத் தெரிய எனக்கு ஒரே உற்சாகம். வலது பிஸ்டனையும் எடுத்தேன். அப்பா தடுத்தார்.

"அத தேய்க்காத. அப்படியே இருக்கட்டும்."

டிபன் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உன் கையெழுத்துதான் நல்லா கீது. நீ எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாகம், முன் வலது பிஸ்டன். காரணம், துருப்பிடித்து இறுகிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்ப்பா, தண்ணில கெடந்ததாலதான துரு புடிச்சிது?"

அப்பா மண்ணெண்ணெய் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதும்மா" என்றார்.

சீட்டைக் கட்டி, பிஸ்டனை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அப்பா அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணி, இத பாருங்க. இதான் காரணம். அண்ணன் பிரேக்க மிதிச்சிருக்காரு. இது நகரல."

"மிதிச்சாரா?"

"மிதிச்சிருக்காரு அண்ணி. வூட்டுக்கு வரணும்னுதான் மிதிச்சிருக்காரு."

பெரியம்மா சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ பாத்தியா கண்ணு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா பெரிம்மா. ஒரு வாரமா நகரவே இல்ல. மொதல்ல எவ்ளோ காத்து அடிச்சும் வரல." சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. "ஆனா இன்னொரு பக்கத்தது..." என்று ஆரம்பிக்கும்போது அப்பாவின் கை என் தோளை அழுத்தியது. அதற்குள் பெரியம்மா அந்தத் துருப்பிடித்த இரும்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா போனபிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிடப் போனேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ போய்ப் படி" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஏரிக்கரைக்குப் போகவில்லை.

அப்பா வேலையைப் பாதியில் விடவில்லை. காலிப்பருக்குள் பிஸ்டன் ஓடும் துளையை நைசான உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பர் வளையம் போட்டு, வலதுபக்கத்துக்குப் புது பிஸ்டன் வைத்துப் பூட்டினார். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, அவர் பிரேக் எண்ணெய்க் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். இன்ஜினை ஒரு மெக்கானிக் பார்த்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்பாவே காலியாகக் கிடந்த சாலையில் மூன்று முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். மூன்று முறையும் நின்றது. சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து வந்த ஒருவர் காரை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நான் ஒரகடத்தில் பிரேக் சோதிக்கும் இடத்தில்தான் வேலை பார்க்கிறேன். வலது பிஸ்டன் இறுகியிருந்தாலும் இடது பிஸ்டன் பிடித்திருக்கும். பின்சக்கரங்களும் பிடித்திருக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் அப்படிக் குழி விழத் துருப்பிடிக்காது. அந்தத் துரு ஏரிக்குப் பிறகு வந்தது. பெரியப்பா பிரேக்கை மிதித்தாரா என்பது அப்பாவுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. பெரியப்பா படத்தின் சட்ட ஓரத்தில் பெரியம்மா இன்னும் அந்தச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறாள். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் என் கையெழுத்து என்னைப் பார்க்கும்.

வேலையில் இருந்த காலம் முழுக்கத் தவறான காரணம் ஒன்றைக்கூட எழுதாதவர் அப்பா. இதையும் அவர் தன் கையால் எழுதவில்லை. என் கையெழுத்து அழகாக இருப்பதால்தான் பேனாவைக் கொடுத்தார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். துருவைப் பற்றி நான் கேட்ட கேள்வி அவர் காதில் விழவில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.