சீனியம்மாள் கை தூக்கவில்லை

நூற்று நாற்பத்து மூன்று. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1936 பங்குனியில் ஆரப்பாளையம் கீற்றுச் சந்தையில் எரிந்துபோன கடைகள் இத்தனை. பத்திரிகையில் "சில கொட்டகைகள்" என்று இரண்டு வரி போட்டார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். அதனால் சொல்கிறேன்.

அதில் ஒன்று சீனியம்மாளின் இலைக்கடை. கடை என்றால் ஆறடிக்கு நாலடி மண் தரை, மேலே பனையோலை, அவ்வளவுதான். பரவையிலிருந்து விடியும் முன்னே வாழையிலைக் கட்டைத் தலையில் சுமந்து நடந்தே வருவாள். இடம் அவள் புருசன் மலையாண்டி பேரில் இருந்தது. அவன் காலராவில் போய் ஐந்து வருடம் ஆகியும், அந்த இடத்தை அவள் ஒரு நாள்கூடக் காலியாக விட்டதில்லை. கட்டுக்கு மேலே நல்ல இலையும் அடியில் கிழிசலும் வைக்கிற வியாபாரம் அவளுக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவளிடம் இலையைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிப் போவார்கள்.

பக்கத்துக் கடை சேக் இஸ்மாயில், கயிற்று வியாபாரி. இருவரும் நாள் முழுக்க வாயடிப்பார்கள்.

"பாய், உங்க கயித்துல மாட்டக் கட்டினா மாடு ஊருக்குப் போயிட்டு வந்துருமாம்ல?"

"அந்த மாடு உன் இலையத் தின்னுட்டுத்தான் போச்சு, தாயி."

இன்னொன்றும் உண்டு. சீனியம்மாள் புருசன் பேரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. செத்த பிறகும் சொல்வதில்லை. சந்தையில் யாராவது கேட்டால் அவள் பாயைத் திரும்பிப் பார்ப்பாள். பாய், "மலையாண்டி" என்பார். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம்.

பலகாரக் கடை அடுப்பிலிருந்து பொறி கிளம்பியது உச்சிவேளையில். மேல்காற்று. ஓலையோடு ஓலை தொட்டுக்கொண்டிருந்த கூரைகள். வைகையில் மணல்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. ஒரே கிணற்றில் நாலு வாளி. அரை மணி நேரத்தில் சந்தை முடிந்தது. உயிர் போகவில்லை. கயிற்றை இழுக்கப் போன பாய்க்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய கயிறு மூன்று நாள் கனன்று புகைந்தது.

மறுநாள் காலை நான் போனபோது, பெண்கள் சாம்பலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பு இல்லை, கூரை இல்லை, எல்லைக் கல் இல்லை. இருந்தாலும் அவரவர் இடத்தில் அவரவர் சரியாக உட்கார்ந்திருந்தார்கள். விற்க ஒரு இலைகூட இல்லாமல் சீனியம்மாளும் இருந்தாள்.

"எதுக்கும்மா வெயில்ல கெடக்கே?"

"எந்திரிச்சா எடம் போயிரும்ணே."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. சந்தைக்குச் சொந்தக்காரர் தகரக் கொட்டகை போடப்போகிறார், இடத்தைத் தன் ஆட்களுக்கே கொடுப்பார் என்று பேச்சு அடிபட்டது. அப்போது நான் சந்தை வியாபாரிகள் சங்க வேலையில் இருந்தேன். எரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் பட்டியல் எடுப்பது, அதன்படிதான் இடம் கொடுக்க வேண்டும் என்று நிற்பது என முடிவு செய்தோம். மூன்றாம் நாள் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து எழுதினேன். கண்ணெல்லாம் புகை. பின்னால் நூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

சீனியம்மாள் முறை வந்தது.

"புருசன் பேரு?"

திரும்பிப் பார்த்தாள். பாய் நிற்கிற பக்கம் யாரும் இல்லை.

"அதான்… மல மேல கோவணத்தோட நிக்கிறாருல்ல. அவுக பேரு."

பின்னால் சிரித்தார்கள். "யக்கா, கோவணத்தயும் சேத்து எழுதச் சொல்லவா?" என்றாள் தங்கப்பொண்ணு, தக்காளி விற்கிறவள். நானும் சிரித்துக்கொண்டே "பழனி" என்று எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சொந்தக்காரரிடம் பேச ஒரு மாதம் ஆனது. கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையை நான்தான் எழுதச் சொன்னேன்: பட்டியலில் பிறகு ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. அவர்கள் ஆட்களின் பேரை இடையில் செருகிவிடுவார்கள் என்பதற்காக. கையெழுத்தான அன்று அதைப் பெரிய வெற்றி என்று நோட்டீஸ் அடித்தேன்.

ஆவணியில் தகரக் கொட்டகை தயாரானது. சொந்தக்காரரின் கணக்கப்பிள்ளை வெள்ளைத்துரை பட்டியலை வாசித்தார். பேர் வந்ததும் கையைத் தூக்கினால் இடம். ஒவ்வொரு கையாக எழுந்தது. சிலர் அழுதார்கள்.

"பழனி மனைவி சீனியம்மாள்."

யாரும் அசையவில்லை. சீனியம்மாள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாய் எழுந்தார். கைத்தோல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது. "கணக்கப்பிள்ளை, அது மலையாண்டி. எழுத்துப் பிசகு."

"ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு உங்க சங்கந்தான பாய் கேட்டுச்சு? நான் மாத்துனா நாளைக்கு என்னையத்தான் திருடன்னு நோட்டீஸ் போடுவாக. அந்தம்மா கையத் தூக்கட்டும். எனக்கு என்ன, குடுத்துட்டுப் போறேன்."

நான் அவளிடம் ஓடினேன். "கையத் தூக்கும்மா. அம்புட்டுத்தான். எடம் ஒனக்கு."

"பழனிங்கிறது யாருண்ணே?"

"யாரா இருந்தா என்ன? தாள்லதான் இருக்கு."

"தாள்ல இருக்கிறத இம்புட்டுப் பேருக்கு முன்னால வாசிக்காகள்ல. இன்னொருத்தர் பொஞ்சாதின்னு இங்கன கையத் தூக்கிட்டு, நாளைக்கு இதே சந்தையில நான் எப்பிடி உக்காருவேன்?"

"எடம் போயிரும், தாயி. பெறகு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"போனா போகட்டும். அவுக பேரு போகக் கூடாது."

மூன்றாம் தடவை வாசித்தார்கள். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். வெள்ளைத்துரை கோடு அடித்தார். அடுத்த வாரம் அந்த இடத்தில் சோடாக்கடை வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அவளை "புத்தி கெட்டவ" என்று திட்டினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். பிசகு என்னுடையது, ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்ற பூட்டும் என்னுடையது, திட்டு வாங்கியது அவள்.

பிறகு மூன்று தடவை மனு கொடுத்தேன். மூன்றும் திரும்பி வந்தன. பாய் தன் கடையில் பாதியை விட்டுக் கொடுத்தார். ஒரு இடத்தில் இரண்டு கடை கூடாது என்று அவளை எழுப்பிவிட்டார்கள். சந்தைக்கு வெளியே மேற்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். அங்கே நிழல் மதியம் வரைக்கும்தான். பிறகு வெயில் நேராக அடிக்கும். வாழையிலை வெயில் தாங்காது. ஓரம் கருகி, சுருண்டு, பிரித்தால் கிழியும். தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்ப்பாள். பாயின் மனைவி சைனப், பழைய சாக்கை நாலு கம்பில் கட்டி நிழல் போட்டுக் கொடுத்தார். சந்தை ஆட்கள் அன்றைக்கே அதைப் பிடுங்கிப் போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் உள்ளே நிழலில் இருந்த கடைகளுக்குப் போய்விட்டார்கள். சுருண்ட இலையைப் பூ கட்டுகிறவர்கள் பொட்டலத்துக்கு வாங்கினார்கள். அதுதான் அவள் பிழைப்பு.

நான் அந்தப் பக்கம் போனால் கேட்பாள்: "என்ன நோட்டீசுக்காரவுகளே, இன்னைக்கு யாரு பேர எழுதப் போறீக?"

சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். இலை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு நடப்பேன்.

1947 ஐப்பசியில் மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பரவையில் எடுத்தார்கள். பாயும் நானும் போயிருந்தோம். சுடுகாட்டுப் பதிவில் எழுதுகிறவர் புருசன் பேர் கேட்டார். பாய் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். சரியாக இருந்தது.

அந்தச் சுவர் ஓரத்தில் அவள் உட்கார்ந்தது பதினோரு வருடம்.