இடைவெளியில் ஒரு குரல்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது எனக்கு நடந்தது. என் இரண்டு பிள்ளைகள் மேல் சத்தியமாக நடந்தது.

அப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. நாள் முழுக்க வேக்காடு. மேலே அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது கிடைக்க, மாலைக் கல்லூரியில் ஒரே ஒரு தேர்வு பாக்கி. பாடம் ஒரு பழைய காப்பியம். இரண்டு முறை தோற்றுவிட்டேன், இதுதான் கடைசி வாய்ப்பு. கதை எனக்குப் புரிந்தது. அதில் வரும் சொற்கள்தான் உயிரை வாங்கின.

அதனால் ஒரு வழி செய்தேன். துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து, என் குரலையே செல்போனில் பதிவு செய்தேன். ஒரு சொல், கொஞ்சம் இடைவெளி, பிறகு அர்த்தம். இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் நானே பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள். அன்று எனக்கு இரவு வேலை. மணி ஏழு இருபது. சலவை இயந்திரம் ஓட்டும் அண்ணன் டீ குடிக்கக் கிளம்பினார்.

"என்னம்மா, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற? பெரிய ஆபீசர் ஆகப் போறியா?"

"முதல்ல இந்த அடுப்புல இருந்து வெளிய வரேண்ணே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் இயர்போனை மாட்டினேன்.

முதல் சொல். இடைவெளியில் யாரோ மூச்சு விடும் சத்தம்... நான்தான் மூச்சு வாங்கியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் 'ஏமம்' வந்தது. அர்த்தம், 'ஏமாற்றம்' என்றது என் குரல்.

உடனே இன்னொரு குரல். பெண் குரல். மெதுவாக.

"இல்ல... காவல்."

கை அப்படியே நின்றுவிட்டது. போர்வை கருகும் வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். பையிலிருந்த அகராதியை எடுத்துப் புரட்டினேன். காவல்தான்.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போது பயத்தைவிட ஆசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. பேயோ பிசாசோ, பாஸ் ஆனால் போதும். மறுபடி ஓடவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் என்னை முந்திக்கொண்டு அது பதில் சொன்னது. எல்லாமே சரியான பதில்.

'தமியள்' வந்தது. துணையில்லாமல் தனியாக இருப்பவள் என்று அர்த்தம்.

இடைவெளியில் அந்தக் குரல் சொன்னது.

"நான்."

அடுத்து 'விதிர்ப்பு'. பயத்தில் நடுங்குவது.

"நீ."

இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

குரல் நிற்கவில்லை.

காய்வதற்காகத் தொங்கவிட்டிருந்த போர்வைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கையறவு..."

நான் பதிவு செய்யாத சொல்.

பிறகு அமைதி. அந்த இடைவெளி எனக்காக விட்டது.

"தெரியாது," என்றேன்.

கடைசிப் போர்வை அசைந்தது... அதற்கு முந்தையது... எனக்கு நேர் எதிரே இருந்தது...

"தப்பிக்க வழியில்லாம நிக்கிறது."

காதுக்குள் சொன்னது.

ஓடினேன். படியில் வந்துகொண்டிருந்த அண்ணன்மேல் மோதித்தான் நின்றேன்.

மறுநாள் வினாத்தாளில் 'கையறவு' இருந்தது. அந்தக் குரல் சொன்னதையே எழுதினேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் தேறினேன். மேலே ஜன்னலோரம் எனக்கு நாற்காலி கிடைத்தது. காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, இஸ்திரி போட என் இடத்துக்கு வந்த பெண் மேலே வந்து என் மேஜை முன்னால் நின்றாள். முகமே சரியில்லை.

"அக்கா, ராத்திரியில கீழ ரெண்டு பொம்பளைங்க குரல் கேக்குது. ஒருத்தி என்னென்னமோ புரியாத வார்த்தையா கேட்டுக்கிட்டே இருக்கா. இன்னொருத்தி தெரியாது, தெரியாதுன்னு அழுறா."

"யாரு?"

"கேக்கிறவ யாருன்னு தெரியல." என் முகத்தையே பார்த்தாள். "அழுறது உங்க குரல்தான், அக்கா."