புகையிலையா, தண்டா?

பள்ளி மேடையில் எனக்கு முதற்பரிசு கிடைத்த மறுவாரமே வழக்கு ஒன்று என் வீடு தேடி வந்தது. அதுவரை நான் பேசிய தலைப்புகள் யாவும் ஆசிரியர்கள் எழுதித் தந்தவை: நீர்ச் சிக்கனம், நன்றியுணர்வு, கைப்பேசியின் தீமை. இதுவோ எங்கள் கூடத்தில், தறியின் ஓரத்தில், தானாகவே முளைத்தது. பத்து வயதில் அதைவிடப் பெரிய பேறு எனக்கு வேறென்ன இருந்திருக்க முடியும்?

வழக்குக்கு உரியவர் என் தாய்மாமன். சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். விடுப்பில் காஞ்சிபுரம் வந்தபோது பெட்டியில் புகைபிடிக்கும் பைப் ஒன்றையும், நெஞ்சில் விடாத இருமல் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். பைப்பின் தண்டு, கந்தகம் சேர்த்து இறுக்கிய கறுப்பு ரப்பர். மொட்டைமாடி வெயிலில் மறந்து கிடந்ததில் அது பாசி பிடித்தாற்போல் பச்சை நிறமாகிவிட்டது.

"வாயில வச்சா பட்டாசு மருந்தை நக்குன மாதிரி இருக்குதுக்கா" என்று அம்மாவிடம் முகத்தைச் சுளித்தார் மாமா.

"தண்டு என்னா பண்ணும் மாப்ள? புகை வர்ற வழி அது. வழிக்கு ஏது ருசி?" என்றார் அப்பா, தறியிலிருந்து தலையைத் தூக்காமலே.

மாமா விடவில்லை. மூங்கிலிலோ நாணலிலோ வரும் புகை குளிர்ந்து லேசாக இனிக்கும். உலோகத்தில் வருவது நாக்கைச் சுட்டுக் கசக்கும். பழைய ரப்பரோ புகையிலையையே மறக்கடித்துவிடும். அவர் அடுக்க அடுக்க, என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரு தரப்பும் ஆயத்தம், தலைப்பும் ஆயத்தம். இல்லாதது நடுவர் மட்டுமே. முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டேன்.

ஊடைநூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா ராட்டையை நிறுத்தினார்.

"அவ்ளோ நாக்கு இருக்குதுன்னா கண்ணைக் கட்டிக்கினு சொல்லேன்டா. எது எந்தத் தண்டுன்னு மூணையும் சரியா சொல்லிட்டா, இனிமே இதைப் பத்தி நான் வாயே தொறக்கல. ஒண்ணு தப்பானாலும் பைப்பு என் கைக்கு வந்துடணும். அப்பறம் நீ அதத் தொடக்கூடாது. ராப்பூரா இருமிக்கினு கெடக்குற. கேட்டுக்கினு படுத்திருக்கறவளுக்குத்தான் தெரியும்."

"நான் ரெடிக்கா" என்றார் மாமா, சிறிதும் தயங்காமல்.

அடுத்து வந்த அமாவாசையன்று பந்தயம். அன்று எங்கள் தெருவில் தறிகள் ஓடா. ஆதலால் அவைக்குப் பஞ்சமில்லை. அக்கம்பக்கத்தார் கூடத்தை நிறைத்துவிட்டனர். அப்பா, பழைய தண்டோடு, நூல் சுற்றும் நாணல் குழல் ஒன்றையும் பித்தளைக் குழாய் ஒன்றையும் அதே அளவுக்கு நறுக்கி வைத்திருந்தார். நடுவராகிய நான் தடை ஒன்றை எழுப்பினேன்: பித்தளையின் குளிர்ச்சியை உதடே காட்டிக்கொடுத்துவிடாதா? அவை முழுவதும் ஆமோதித்துத் தலையசைத்தது. அந்தத் தலையசைப்புக்காகவே இன்றும் மேடையேறுகிறேன் என்றால் மிகையாகாது.

கத்திப்பிடி முதல் குடைக்காம்பு வரை எது ஆடினாலும் எங்கள் தெருவில் எதைச் செய்வார்களோ, அதையே அப்பாவும் செய்தார். கழிவுப் பட்டுநூலை எடுத்து, மூன்று தண்டுகளின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றினார். உதட்டுக்கு மூன்றும் ஒன்றாயின. புகையிலை எரியும் கிண்ணத்திலும் ஆடாமல் பொருந்தின.

மாமாவின் கண்களைத் துண்டால் கட்டினோம். அப்பா ஒன்றைப் பொருத்திப் பற்றவைத்துக் கொடுத்தார். ஓர் இழுப்பு. மாமாவின் நெற்றி சுருங்கியது.

"முடி கருகுற மாதிரி வருதே. சரி, அடுத்தது குடு."

அடுத்ததை இழுத்தார். "இதுவும் அதேதான்பா."

"இன்னா மாமா, நாக்கைக் கப்பல்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றான் பக்கத்து வீட்டு அண்ணன்.

மூன்றாவதன் புகையை மாமா நெடுநேரம் வாயில் நிறுத்திவைத்தார். பிறகு, புடவை வாங்க வந்தவரிடம் கடைக்காரர் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார்: "இது பட்டு. சுத்தப் பட்டு. கலப்படமே கெடையாது."

அதற்குள் அந்த வாசனை கூடத்தையும் எட்டியிருந்தது. நூலைக் கொளுத்தி முகர்ந்து அசல் பட்டை அறிகிற குடும்பங்கள் எங்களுடையவை. ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா தாராளமாகச் சுற்றிய நூலின் முனை கிண்ணத்துக்குள் நீண்டு, மூன்று முறையும் நெருப்பைத் தொட்டிருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்துச் சிலர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டனர்.

நான் எழுந்தேன். குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"அவையோரே, தண்டில் சுற்றிய நூலே புகையின் சுவையை மாற்றுமெனில், தண்டு மாற்றாதா? ஆகவே கொள்கையில் வென்றவர் என் மாமா. ஆயினும், அவர் சொல்ல வேண்டியிருந்தவை மூன்று பெயர்கள். சொன்னதோ நான்காவது பெயர். ஆகவே பந்தயத்தில் வென்றவர் என் தாய்."

கைதட்டல் அடங்கியதும், அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. "தப்பு என்னுது மாப்ள. நூலைப் பிரிச்சுட்டு இன்னொருவாட்டி பாக்கலாம். நீ கரெக்டா சொல்லிடுவே."

நியாயமான மேல்முறையீடுதான். என் தீர்ப்பு கவிழ்ந்துவிடுமோ என்பதே என் கவலை. மாமா கண்கட்டை அவிழ்த்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வேணாம் மாமா" என்று அப்பாவைத் தடுத்தார் என் மாமா. "நடுவரம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. அப்பீலே கெடையாது."

சூடு ஆறாத பைப்பையும் புகையிலைப் பொட்டலத்தையும் அக்காவின் கைகளில் வைத்தார். அம்மா அவற்றை வாங்கிக்கொண்டார். தம்பியின் தலையை ஒருமுறை தடவினார். பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

வென்றவர் ஏன் அழ வேண்டும் என்று நான் ஒரு கணம் திகைத்தேன். மறுகணமே விளங்கிவிட்டது: என் சொல்லாற்றல். நான் பேசி அதுவரை எவரும் அழுததில்லை. பூரித்துப்போய், தீர்ப்பின் கடைசிப் பகுதியை இன்னும் உரக்க, இன்னும் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை முழங்கினேன்.