வந்து சேர நூற்றெண்பது நாள்

என் அக்கா இருபத்தாறு வருடமாக ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போல்டு, நட்டு, பேரிங், ரப்பர் வாஷர் என்று நாலாயிரத்துச் சொச்சம் சாமான்கள் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு ஸ்டிக்கர், நோட்டில் ஒரு வரி. ஸ்டிக்கர் இல்லாத சாமான் கேட்டைத் தாண்டாது. மேனேஜரே வந்து நின்றாலும் தாண்டாது. இந்தக் கறார் கம்பெனியோடு நின்றிருந்தால் எனக்கென்ன? வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட மூடியில் வாங்கிய தேதி ஒட்டியிருக்கும். அவளோடு பிறந்த பாவத்துக்குச் சின்ன வயதில் என் ரிப்பன்களுக்கும் நம்பர் இருந்தது.

அவளுடைய ஸ்டோர் நோட்டில் ஒரு கட்டம் உண்டு. மேலே ‘வந்து சேர ஆகும் நாள்’ என்று எழுதியிருப்பாள். பக்கத்து ஊரிலிருந்து வரும் வாஷருக்கு மூன்று நாள். கப்பலில் வரும் பேரிங்குக்கு அறுபது நாள். மிஷின் நின்றுபோய் யாராவது ஸ்டோர் ஜன்னலில் வந்து குதித்தால் அந்தக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டுவாள்.

“அறுபதுன்னு போட்டிருக்கு பாருங்க. அதுவரைக்கும் யாரும் கத்தக்கூடாது.”

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அவளுக்கு நேர் எதிர். சலூன் வைத்திருந்தார். ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஓயாத ஒரு வாய். தெருவில் அவருக்குப் பெயரே ரேடியோதான். முடி வெட்ட இருபது நிமிடம், பேச்சு முடிய முக்கால் மணி நேரம். அந்தப் பேச்சுக்காகவே தலையில் நாலு முடிகூட இல்லாத ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மாதம் இரண்டு தடவை வந்து உட்காருவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், ஐம்பத்தொரு வயதில் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு மாநிலத்தில் புது ஃபேக்டரி. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். அங்கே ஸ்டோர் முழுவதும் அவள் கையில், கீழே ஆறு பேர். ஆனால் பாஷை வேறு, எழுத்தும் வேறு. மகள் கல்யாணமாகி எங்கோ தூரத்தில் இருக்கிறாள். ஆகவே கிளம்ப வேண்டியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். “போலாம், அதுக்கென்ன?” என்று மாமாதான் முதலில் சொன்னார்.

வீடு மாற்றும் செலவுக்கென்று கம்பெனி ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தது. மிச்சம் பிடித்தால் அவளுக்கு, மேலே போனால் அவள் தலையில். இப்படிச் சொன்னால் என் அக்கா சும்மா இருப்பாளா? அன்றைக்கே நீல அட்டை போட்ட புது நோட்டு ஒன்று வாங்கிவந்துவிட்டாள்.

லாரிக்காரர் கிலோவுக்கு முப்பது கேட்டார். வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் அக்கா ஒரு வரி போட்டாள். எடை எவ்வளவு, கொண்டுபோகக் கூலி எவ்வளவு, அங்கே புதிதாக வாங்கினால் எவ்வளவு. கூலி குறைவென்றால் ஸ்டிக்கர், அதிகமென்றால் விற்பனை. எடை போட வீட்டில் இருந்தது ஆள் ஏறி நிற்கும் மிஷின் ஒன்றுதான். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறுவார். அக்கா மொத்தத்தில் அவர் எடையைக் கழித்து எழுதுவாள். ஒருநாள் இஸ்திரிப் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. மூன்று முறை சரிபார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் மாமா வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து அவரை வெறும் வயிற்றில் ஏற்றினாள்.

நான் பத்து நாள் லீவு போட்டு உதவிக்குப் போயிருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. இரண்டாம் நாளே எனக்கு ஒரு சந்தேகம். அக்காவின் தேக்குப் பீரோவை வாங்க ஒருவர் வந்து ஒன்பதாயிரம் கொடுத்துவிட்டுப் போனார். பீரோ நூற்றுப்பத்து கிலோ, கூலி மூவாயிரத்து முந்நூறுதான். அப்படி ஒன்றைப் புதிதாக வாங்க முப்பதாயிரமாவது வேண்டும்.

“அக்கா, உன் கணக்குலயே இடிக்குதே. பீரோ ஏன் போகுது?”

“எனக்கென்ன, நாலு புடவை. கொடியில போட்டுக்குவேன்.”

“தையல் மிஷினும் போகுதாமே?”

“நீ ஸ்டிக்கர ஒட்டு.”

விட்டுவிட்டேன். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

மாமாவின் சலூன் நாற்காலிக்கும் வரி போட்டிருந்தாள். வார்ப்பிரும்பு அடி, மிதித்தால் உயரும், சுற்றிவிட்டால் சுற்றும். தொண்ணூற்றைந்து கிலோ. கூலி இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. புதிதாக வாங்கினால் இருபத்தெட்டாயிரம். சந்தேகத்துக்கே இடமில்லை. அவளே தன் கையால் 117 என்று ஒட்டினாள்.

ஆனால் மாமா பிடிவாதமாக இருந்தார். “பழைய இரும்புக் கடையில ரெண்டாயிரம் தர்றாங்க. கொடுத்துடலாம். எனக்கும் வயசாச்சு, கொஞ்சம் ஓய்வா இருக்கேனே” என்றார். ஐம்பத்து நாலு வயதில் என்ன ஓய்வு? அதுவும் இவருக்கு? எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கடையைக் காலி செய்ய அவரோடு போனபோது நேராகவே கேட்டேன்.

கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “உன்கிட்ட சொல்றதுக்கென்ன? அங்க போய் நான் என்ன பேசுவேன்? முடி வெட்ட யாரும் வெட்டுவாங்க. எங்கிட்ட வர்றது பேச்சுக்குத்தானே? ஊமை மாதிரி நின்னு வெட்டினா எவன் வருவான்? உங்கக்கா அங்க பெரிய ஆளா இருக்கப்போறா. நான் காலிக் கடைக்கு வாடகை கட்டிக்கிட்டு அவ சம்பளத்தைக் கரைக்கணுமா?” பிறகு, “அவகிட்ட சொல்லிடாதே, ஆசையா கிளம்பறா” என்றார்.

வாய் ஓயாத மனிதர் இதைச் சொல்லிவிட்டு அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது சரியா என்று இன்றும் தெரியாது.

கிளம்பும் நாள் காலை ஏழு மணிக்கே லாரி வாசலில் நின்றது. அக்கா கையில் நோட்டோடு நின்று நம்பர் சொல்ல, லோடுமேன்கள் ஏற்றினார்கள். பெட்டிகள்மேல் வெறும் நம்பர் மட்டும்தான். உள்ளே என்ன என்பது நோட்டுக்கு மட்டுமே தெரியும். நாற்காலி நடைபாதையில் தனியாக நின்றது. 117-ஐ யாரோ கிழித்தெடுத்திருந்தார்கள். யாரோ என்ன, மாமாதான். ஸ்டிக்கர் இல்லை, ஆகவே லோடுமேன்கள் அதைத் தொடவில்லை. இரும்புக் கடைக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா நாற்காலியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், அடுத்த நம்பரைச் சொன்னாள்.

பத்து மணிக்கு டிரைவர் வந்தார். “சாமான் லிஸ்ட் கொடுங்கம்மா. மாநில எல்லையில கேப்பாங்க. இல்லேன்னா வண்டிய நிறுத்திடுவாங்க.”

அக்கா கையை நீட்டினாள். கை காலியாக இருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் நோட்டை அலமாரிமேல் வைத்திருக்கிறாள். அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளி ஒரு பெட்டியில் போட்டு ஏற்றியாகிவிட்டது.

“ஸ்டிக்கர் இல்லாத சாமானை எடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?” என்று லோடுமேன்மேல் பாய்ந்தாள்.

“ஸ்டிக்கர் இருந்துச்சும்மா. நூத்துப் பதினெட்டு.”

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டிலிருந்து போகும் எந்தப் பொருளும் கணக்கில் விட்டுப்போகக்கூடாது என்று முந்தின நாள் நோட்டுக்கே ஒரு வரி போட்டு, அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். இருபத்தாறு வருட ஸ்டோர் கீப்பரைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? அலமாரிச் சாமான் எந்த நம்பர் பெட்டி என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். நோட்டு பெட்டிக்குள் இருக்கிறது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

மாமா லாரியில் ஏறினார். பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒன்பதாவது பெட்டியில் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். லிஸ்ட் உள்ள பக்கத்தைத் தேடி, அங்கே உட்கார வேறு இடம் இல்லாததால் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து புரட்டினார். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. வெகுநேரம் தலை நிமிரவில்லை. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

பக்கத்தின் தலைப்பு ‘சலூன்’. அக்காவின் குண்டு குண்டு எழுத்து. கடை வாடகை, மாதம் ஆறாயிரம், ஆறு மாதம், மொத்தம் முப்பத்தாறாயிரம். பணம் எங்கிருந்து? பீரோ விற்றது ஒன்பதாயிரம். பீரோ லாரிக் கூலி மிச்சம் மூவாயிரத்து முந்நூறு. தையல் மிஷின் ஐயாயிரத்து ஐந்நூறு. மீதி அக்காவின் போனஸ். அதற்குக் கீழே, வரவு: பூஜ்யம். வாடிக்கையாளர் வந்து சேர ஆகும் நாள்: 180. அதுவரைக்கும் யாரும் கத்தக்கூடாது.

மாமா சட்டைப் பையில் விரலை விட்டுத் துழாவினார். கசங்கிய 117 வந்தது. பசை போய்விட்டிருந்தது. “டேப் இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். நான் டேப்பைக் கிழித்துக் கொடுத்தேன், அவர் நாற்காலியின் கையில் நம்பரை ஒட்டினார். சற்றுத் தள்ளி நின்றிருந்த அக்கா லோடுமேன்களைப் பார்த்து, “என்ன நிக்கறீங்க? நூத்துப் பதினேழு. ஏத்துங்க” என்று அதட்டினாள்.

பிறகு அவளைத் தனியாகப் பிடித்தேன். “மாமா உன்கிட்ட சொன்னாரா?”

“அவர் எங்க சொன்னார்? பத்து நாளா வீட்டுல ரேடியோ ஓடல. என்ன ஸ்டாக் தீர்ந்துபோச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். நாலாம் நாள் அந்த ஊரில் எங்களுக்கு முன்பே லாரி வந்து நின்றிருந்தது. மூன்றாவது மாடி வீடு, குறுகலான படி. எல்லாம் ஏறிற்று, நாற்காலி மட்டும் ஏறவில்லை. கடை பிடிக்கும்வரை கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டோம். உள்ளூர் லோடுமேன் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதில் பொத்தென்று உட்கார்ந்தார். சாய்ந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மாமாவைப் பார்த்து, தன் தலையைத் தொட்டு, இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினார்.

மாமா ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி மூன்று மாடியும் ஓடி ஏறிச் சலூன் சாமான் பெட்டியை எடுத்துவந்துவிட்டார். துணியைப் போர்த்தினார், சீப்பை எடுத்தார், வாயைத் திறந்தார். இஸ்திரிப் பெட்டி இரண்டு கிலோ கூடிய கதை. நம் பாஷையிலேயே, ஒரு எழுத்து குறைக்காமல். அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் மாமா வயிற்றைத் தடவி, மிஷின்மேல் ஏறி, அக்காபோல் முறைத்துக் காட்டியபோது அவர் நாற்காலி அதிரச் சிரித்தார். பதிலுக்கு அவர் பாஷையில் ஏதோ பெரிய கதை சொன்னார். மாமா “அப்படியா! அப்புறம்?” என்றார். மற்ற லோடுமேன்களும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. போகும்போது அவர் எண்பது கொடுத்தார். வேண்டாமென்று மாமா கையை ஆட்டியும் பையில் திணித்துவிட்டுப் போனார். அடுத்தவர் கேட்காமலே வந்து உட்கார்ந்தார்.

அக்கா படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ‘சலூன்’ பக்கம். வரவுக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அடித்து எண்பது என்று எழுதினாள். பிறகு 180-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 1 என்று போட்டாள்.

“பாத்தியா, கணக்குல தப்பு வந்துடுச்சு” என்றாள். என் அக்கா கணக்கில் தப்பு விட்டு நான் பார்த்தது அன்றுதான். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததும் அன்றுதான். கீழே மாமா இஸ்திரிப் பெட்டிக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.